நாலாம் நம்பரின் நூறு மணி நேரம்

மூணாம் நம்பர் அக்கா எதையும் கோணலாக வைத்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்தால் அதன் விளிம்பு மேசை விளிம்போடு ஒட்டி நிற்கும். செருப்பைக் கழற்றினால் இரண்டும் ஜோடியாகச் சுவரைப் பார்த்திருக்கும். சோப்புக்குக் காகிதம் சுற்றும் மெஷினில் பதிமூன்று வருடம் நின்றால் யாரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்பார் ஃபிட்டர் அண்ணன். அக்காவின் கணவரோ, கல்யாணமான மறுநாளே தன் செருப்பும் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டதாகச் சொல்வார்.

வயது நாற்பத்து மூன்று. ஒல்லியான உடம்பு. வலது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது மூணாம் நம்பர் மெஷினின் கைச்சக்கரம் செய்த வேலை. காகிதத்தில் சோப்பு கோணலாகப் போய்ச் சிக்கினால் மெஷினை நிறுத்த வேண்டும். கதவைத் திறந்து, சிக்கியதை எடுத்து, அந்தச் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் மறுபடி ஓடும். உள்ளே பேரிங் தேய்ந்துபோனதால் சக்கரம் சாமானியமாக நகராது. நான்கு வருடமாக அக்கா பேரிங் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக "பார்க்கலாம்" என்ற பதில் வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நிற்கும் நாலாம் நம்பர், அதே நாளில் அதே லாரியில் வந்து இறங்கிய மெஷின். அதில் நிற்பவள் அக்காவின் ஓரகத்தி. கணவருடைய தம்பியின் மனைவி. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். ஆலையிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். அக்கா கீழே, சின்னவள் மாடியில். மாமியார் கீழே படுப்பார், மாடியில் சாப்பிடுவார். அந்த ஒரு ஏற்பாடே அக்காவின் வயிற்றெரிச்சலுக்குப் போதும். ஆனால் அக்காவிடம் அதற்கு மேலும் காரணங்கள் கைவசம் இருந்தன.

மாடிக்கு மூன்று ஜன்னல், கீழே ஒன்று. சின்னவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். சின்னவள் துவைத்த சட்டை கொடியில் பளிச்சென்று தெரியும். "ஒரே ஆலைச் சோப்பு, ஒரே குழாய்த் தண்ணி. அவ துவைச்சா மட்டும் எப்படி வெளுக்குது?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்ற முகம்.

இத்தனைக்கும் சின்னவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அக்காதான். ஆறு வருடத்துக்கு முன் நாலாம் நம்பருக்கு ஆள் தேவைப்பட்டபோது, "எங்க வீட்டிலேயே ஒருத்தி சும்மா இருக்கா சார்" என்று சொல்லியிருக்கிறார். "அன்னைக்கு என் வாயை யாராவது பொத்தியிருக்கலாம்" என்று பிறகு பலமுறை சொன்னார்.

இதெல்லாம் எனக்குத் தெரியக் காரணம், என் மேசை அவர்கள் வரிசைக்குப் பக்கத்தில் இருந்ததுதான். நான் பராமரிப்புப் பிரிவில் சீட்டு சேர்க்கிறவள். மெஷின் நின்றால் அதை ஓட்டுகிறவர் ஒரு சீட்டு எழுத வேண்டும். எப்போது நின்றது, ஏன் நின்றது, எத்தனை நிமிடத்தில் சரியானது. நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் எல்லோரும் என்னிடம் வந்து பேசுவார்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் புதிதாக ஒரு இன்ஜினியர் வந்தார். சிறு வயது, பெரிய ஆர்வம். மெஷின் உடைந்த பிறகு ஓடுவதைவிட, எது உடையப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அதற்கு ஒரு கணக்கு இருந்தது. மாதம் முழுவதும் மெஷின் ஓடிய நேரத்தை, அது எத்தனை முறை நின்றதோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். இருநூறு மணி நேரம் ஓடி இருபது முறை நின்றால் பத்து மணி. நிற்காமல் சராசரியாக எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதுதான் அந்த எண். ஆங்கிலத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. நான் அதைப் "பழுது இடைவெளி" என்று தமிழில் எழுதினேன். இடைவெளி குறைந்தால் மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். ஃபிட்டர்கள் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அதுவரை சரி. நாங்கள் செய்த தவறு, அந்த எண்களை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிச் சாப்பாட்டு அறை வாசலில் மாட்டியது. ஓட்டுகிறவர் பெயரையும் பக்கத்தில் எழுதினோம். நிறைய இருந்தால் பச்சை மை, குறைந்தால் சிவப்பு மை. காய்ச்சலை அளந்து எழுதுகிறோம் என்று நாங்கள் நினைத்தோம். பார்த்தவர்களுக்கு அது பரீட்சை மதிப்பெண்ணாகத் தெரிந்தது.

முதல் மாதம் மூணாம் நம்பருக்குப் பத்து மணி. சிவப்பு. நாலாம் நம்பருக்கு நூறு மணி. பச்சை.

அக்கா பலகை முன்னால் நின்றார். கையில் டப்பா. பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நூறா?" என்றார் என்னிடம்.

"ரெண்டு சீட்டுதான் வந்துச்சுக்கா."

"எனக்கு?"

"இருபது."

"நான் எல்லாத்தையும் எழுதுவேன்ல?"

"ஆமாக்கா."

அன்று அவர் சாப்பிடவில்லை. டப்பா மேசை விளிம்புக்கு நேராகத் திறக்காமலே இருந்தது. எதிர் மேசையில் சின்னவள் நான்கு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தி வீட்டுக்கும் போனது. மாமியார் மாடியில் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து, "என்னம்மா, அவ மெஷின் நூறு மணி நேரம் ஓடுதாம். உன்னது பத்து மணி நேரத்துல படுத்துக்குதாமே, உனக்கு ராசி இல்லையோ?" என்று கேட்டிருக்கிறார். "மெஷினைத்தானே சொல்றாங்க, உன்னையா சொல்றாங்க" என்று கணவர் சமாதானம் சொன்னாராம். அதற்காக அக்கா அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாவது மாதமும் அதே பச்சை, அதே சிவப்பு. மூன்றாவது மாதம் அக்கா எண்ண ஆரம்பித்தார்.

தள்ளுவண்டி திரும்பும் மூலையில், மோதாமல் இருக்க ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். மூணாம் நம்பர் பக்கம் நின்று அதைப் பார்த்தால் நாலாம் நம்பரின் கதவு தெரியும். கதவு திறந்தால் மெஷின் நின்றது என்று அர்த்தம். சின்னவள் கதவைத் திறப்பாள், விரலை விட்டுச் சோப்பை உருவுவாள், சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள், மூடுவாள். நாற்பது விநாடி. சீட்டும் கிடையாது, ஃபிட்டரும் கிடையாது. காகிதச் சுருளின் முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி வரும், தூக்கி எறிகிற பொருள். ஒவ்வொரு முறை அந்தக் கதவு திறந்தபோதும் அக்கா ஒரு மூடியை ஏப்ரன் பைக்குள் போட்டார்.

சனிக்கிழமை மதியம் என் மேசைக்கு வந்து மூடிகளைக் கொட்டினார். கொட்டிய பிறகு வரிசையாக அடுக்கினார்.

"பதினேழு. எண்ணிக்கோ."

"என்னதுக்கா இது?"

"நாலாம் நம்பர். ஆறு நாள். எட்டு மணி நேரம் வெச்சுக்கோ, எத்தனை வருது?"

நாற்பத்தெட்டைப் பதினேழால் வகுத்தேன். மூன்று மணிக்கும் கீழே வந்தது. அக்கா கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். நல்ல வெயிலில் குளிர்ந்த தண்ணீர் குடித்தவர் மாதிரி.

"எனக்கு?"

"உங்களுக்கு இந்த வாரம் ஆறு சீட்டு. எட்டு மணி வருது."

"அதுல ரெண்டு அவளைப் பார்த்துக்கிட்டு நின்னதால சிக்கினது. அதைக் கழிச்சுப் போடேன்."

"முடியாதுக்கா."

"சரி விடு. திங்கக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன்." மூடிகளைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகும்போது, "அவ விரலைப் பார்த்தியா? மூணு விரல்ல பிளாஸ்திரி. காகிதத்தை ஒட்டுற சூடான தகடு பக்கத்துலயே கையை விடுறா. கேட்டா அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொல்றா" என்றார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அக்கா முன்வரிசையில் நின்றார். கை ஏப்ரன் பைக்குள். இன்ஜினியர் முதலில் பேசினார். வியாழன் முதல் நான்கு நாள் ஆலையை நிறுத்திப் பெரிய பராமரிப்பு நடக்கும். பேரிங், காகிதத்தை மடிக்கும் மடிப்புக் கை, சக்கரம் எல்லாம் அடங்கிய புது உதிரிப்பாகப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. அடுத்தது வர ஆறு மாதம் ஆகும்.

"எந்த மெஷினுக்குன்னு நான் முடிவு பண்ணலை, எண் முடிவு பண்ணும். இடைவெளி குறைவா இருக்கிறது மூணாம் நம்பர். அதுக்குத்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஃபிட்டர் அண்ணன், "நாலு வருஷத் தவம்" என்றார். அக்காவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் மூடிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன்.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் இன்ஜினியர்.

அக்கா பைக்குள்ளிருந்து வெறும் கையை வெளியே எடுத்தார்.

அன்று சின்னவள் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. நாலாம் நம்பரும் ஒரு வருடமாக அதிர்ந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். புதுப் பேரிங் அவளுக்கும் வேண்டும். "அக்காவுக்குன்னா எல்லாம் தானா வருது" என்று என் காதுபடச் சொன்னாள். இதைப் போய் அக்காவிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் அக்காவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மறுநாள் அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு பொலிவு. ஆறு வருடத்தில் முதல் முறையாகச் சின்னவள் தன்னைப் பார்த்துப் பொருமுகிறாள். செவ்வாய்க்கிழமை முழுவதும் அதைச் சப்பிச் சப்பிச் சுவைத்தார். கைச்சக்கரத்தைச் சுற்றும்போது, "இன்னும் ரெண்டு நாள்தான்டி" என்று மெஷினைத் தட்டிக் கொடுத்தார்.

என் மனதில் அந்தப் பதினேழு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் பார்த்தவர் அக்கா. அவர் சொல்லாமல் அதை நான் எந்தச் சீட்டில் எழுதுவது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அது சரியில்லை என்பது அப்போதே தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் நடந்ததை அக்காவே பிறகு சொன்னார். மாமியார் மாடியிலிருந்து இறங்கி வந்து, "புதுச் சாமான் உனக்காமே? நல்லது. கெட்டுப்போனதுக்குத்தானே மருந்து. சின்னவ கை பட்டா ஒண்ணு கெடவே கெடாது, அவளுக்கு எதுக்கு?" என்றாராம்.

"நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. அதான் இன்னும் எரிஞ்சுச்சு" என்றார் அக்கா.

புதன்கிழமை மதியம். சாப்பாட்டு அறை நிரம்பியிருந்தது. வாசலில் பலகை. அக்கா டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். சின்னவள் பலகையைத் தாண்டி உள்ளே வந்தாள். இரண்டு நாள் அடக்கி வைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

"என்னக்கா, நாளைக்கு உங்க ஆளை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே? பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை மயங்கி விழுந்தா பாவம் என்ன பண்றது. என்னோடது ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்த்ததில்லை."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. டப்பாவை மூடினார்.

"மூணு மணி" என்றார்.

"என்னது?"

"உன்னோடது நூறு இல்லடி. மூணு. அதுவும் முழுசா இல்லை."

பையைக் கவிழ்த்தார். மூடிகள் மேசையில் உருண்டன. சில கீழே விழுந்தன. அந்த வாரத்து மூடிகளும் சேர்ந்திருந்ததால் இருபத்தாறு. "போன வாரம் பதினேழு. திங்கள்ல இருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் ஒன்பது. கதவு திறந்து திறந்து மூடினதை நான் கண்ணால பார்த்தேன். ஒண்ணுக்காவது சீட்டு எழுதினியா?"

இன்ஜினியர் மூலையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளரோடு எழுந்து வந்தார்.

"உண்மையாம்மா?" என்று சின்னவளைக் கேட்டார்.

சின்னவள் பிளாஸ்திரி போட்ட விரல்களை முந்தானைக்குள் மறைத்தாள். "நாற்பது விநாடி சார். அதுக்குப் போய் யார் எழுதுவா. எழுதினா ஃபிட்டர் வருவார், அரை மணி நேரம் போகும்." பிறகு வேறு குரலில், "எழுதினா இந்தப் பலகையில பச்சையில என் பேர் இருக்காது" என்றாள்.

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "பதினேழுன்னா எவ்வளவு வருது?"

எனக்கு வகுக்கத் தேவை இருக்கவில்லை. "மூணு மணிக்குக் கீழ சார்" என்றேன்.

"அப்ப பெட்டி நாலாம் நம்பருக்குத்தான் போகணும்." அவர் அக்காவைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமில்ல? இதைச் சொன்னா பெட்டி கைமாறும்னு?"

"தெரியும்" என்றார் அக்கா. அவர் கீழே குனிந்து, விழுந்த மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலது கையால் எட்ட முடியாததை இடது கையால் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஃபிட்டர் அண்ணன் நாலாம் நம்பரைப் பிரித்துப் போட்டார். தேய்ந்த பேரிங்கை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். குண்டுகள் பாதி நொறுங்கிப்போயிருந்தன. இன்னும் பத்து நாள் ஓடியிருந்தால், சக்கரத்தைத் தட்டும் ஏதோ ஒரு தட்டில் மடிப்புக் கை முறிந்து, திறந்த கதவு வழியாகப் பறந்திருக்கும் என்றார். அந்தக் கதவுக்கு முன்னால் யார் முகம் இருந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அவ்வளவுதான். ஆலை முழுவதும் அக்காவுக்குப் பெரிய மனசு என்று ஆனது. நான்கு வருடம் காத்திருந்து கிடைத்ததை ஓரகத்திக்காக விட்டுக்கொடுத்தவர். அவள் விரல் சுட்டுக்கொள்வதைப் பொறுக்காமல் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னவர். கொழுந்தன் கீழே இறங்கி வந்து நன்றி சொன்னார். சின்னவள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு ஒரு காலையில், தைலம் ஒரு புட்டியை அக்காவின் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். "தோளுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"அத்தைகூட மெச்சிட்டாங்க" என்றார் அக்கா என்னிடம். "உன் மாதிரி மனசு யாருக்கு வரும்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது. வாங்கிக்கிட்டேன்." தைலப் புட்டியை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தினார். "உனக்குத் தெரியும்ல, நான் ஏன் சொன்னேன்னு?"

"தெரியும்க்கா."

"அந்த நூறு. அதைத் தாங்க முடியலை. பேரிங் இல்லாம ஆறு மாசம் இருந்திடலாம். அதைப் பார்த்துக்கிட்டு ஆறு நாள் இருக்க முடியாது." புட்டியை இன்னும் ஒரு நூலளவு நகர்த்தினார். "விரலும் மனசுல இருந்துச்சு. இல்லைன்னு சொல்லலை. ஆனா அது பின்னாடி இருந்துச்சு."

இன்ஜினியர் பலகையைக் கழற்றிவிட்டு, பெயர்கள் இல்லாமல் மெஷின் எண்களை மட்டும் எழுதி ஃபிட்டர் அறைக்குள் மாட்டினார். நிறங்களையும் எடுத்துவிட்டார். நாற்பது விநாடி நின்றாலும் சீட்டு எழுத வேண்டும், அதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்தார். மூணாம் நம்பரின் பெயர் அடுத்த பெட்டிக்கு எதிரில் எழுதப்பட்டது.

புதுப் பேரிங் போட்ட நாலாம் நம்பர் சத்தமே இல்லாமல் ஓடியது. அக்கா தன் சக்கரத்தைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆலை மறுபடி ஓடத் தொடங்கிய வாரத்துச் சனிக்கிழமை என் மேசைக்கு வந்தார். கையை விரித்தார். இரண்டு மூடி.

"நாலாம் நம்பர், ரெண்டு தடவை நின்னுச்சு. அவ எத்தனை எழுதியிருக்கா?"

சீட்டுகளைப் பார்த்தேன். "ரெண்டுக்கா."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

அவர் முகம் அப்படியே தொங்கிப்போனது. மூடிகளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அரை மணி கழித்துச் சின்னவள் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிளாஸ்திரி இல்லாத விரல்களைத் திறந்தாள். உள்ளங்கையில் ஐந்து பிளாஸ்டிக் மூடி.

"மூணாம் நம்பர், அஞ்சு. அக்கா அஞ்சையும் எழுதியிருக்காங்களா?"

"அஞ்சும் இருக்கு."

"பாரேன்" என்று உதட்டைச் சுழித்தாள்.

இப்போதெல்லாம் எங்கள் ஆலையில் சந்தேகப்படவே தேவையில்லாத சீட்டுகள் அந்த இரண்டு மெஷினுடையவைதான். தான் கொடுத்த எழுத்துதான் அதற்குக் காரணம் என்று இன்ஜினியர் நம்புகிறார். நான் சீட்டுகளைக் கோப்பில் அடுக்குகிறேன். தள்ளுவண்டிக்காரர்தான் புகார் கொடுத்தார். மூலையில் இருக்கும் வட்டக் கண்ணாடியை யாரோ காலையில் ஒரு பக்கமும் மதியம் மறுபக்கமும் திருப்பிவிடுகிறார்களாம், வண்டி வருவது யாருக்கும் தெரிவதில்லையாம்.

அடுத்த வாரம் அங்கே இன்னும் இரண்டு கண்ணாடிகள் மாட்டினார்கள். ஆளுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று.